குண்டத்துப் புகை

எங்கள் பக்கத்தில் காடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சவுக்குத் தோப்புதான் உண்டு. அது எரிந்த கதையை என்னால் இன்றைக்கும் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை, கோபம் வந்துவிடுகிறது. கோபம் தீயின் மேல் இல்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை பாகூர் கொம்யூனில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, முன்னால் ஒரு பூவரச மரம். சொல்லிக்கொடுக்க இரண்டே பேர். ஒருவர் பெரிய வாத்தியார், அந்த ஊர்க்காரர். இன்னொருத்தி நான். மூலக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கடலூர் சாலையில் இறங்கி, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சேருவேன். வேர்த்து வழிந்துகொண்டு நான் உள்ளே நுழையும்போது பெரிய வாத்தியார் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிட நடையில் வீடு இருப்பவருக்குக் கடிகாரம் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே காலனி. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள், எல்லாம் கீற்றுக் கூரை. காலனிக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு. அதற்கும் கிழக்கே, கடல் பக்கமாக, திரௌபதை அம்மன் கோயில் திடல். ஊர்த்தெருக்கள் வடக்கே தள்ளி இருந்தன. ஆக, வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தால் காலனியும் தோப்பும் கோயில் திடலும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே திசையில்தான் இருக்கும். திடலில் எழும் புகையும் தோப்பில் எழும் புகையும் எங்கள் கண்ணுக்கு ஒரே இடத்தில்தான் தெரியும்.

சித்திரையில் அந்தக் கோயிலில் தீமிதி. திடலில் நீளமாகக் குழி வெட்டி, நடுப்பகலில் கட்டைகளை அடுக்கிக் கொளுத்துவார்கள். சாயங்காலம் அது தணலாகித் தகதகவென்று கிடக்கும்போது காப்புக் கட்டியவர்கள் இறங்கி நடப்பார்கள். அந்தக் கட்டைகளை வெட்டுவதும் சுமப்பதும் காலனி ஆண்கள். கொளுத்திய பிறகு அவர்கள் தள்ளி நிற்க வேண்டும். கட்டை கொடுப்பவர் தோப்புக்குச் சொந்தக்காரர், கோயில் தர்மகர்த்தாவும் அவரே. காலனி இருந்த மண்ணும் அவருடையதுதான்.

என் ஐந்தாம் வகுப்பில் காலனிப் பெண் ஒருத்தி படித்தாள். அந்தக் காலனியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வந்த பெண் அவள் ஒருத்திதான் என்று பெரிய வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அவளுடைய தங்கச்சி இரண்டாம் வகுப்பு. அவளும் என் அறையிலேயே முன் வரிசையில் உட்கார்ந்து, அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு முறை பசுவைப் பற்றி எழுதச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்ததை எழுதியிருந்தார்கள்: பசு ஒரு சாதுவான பிராணி, அது நமக்குப் பால் தருகிறது. இவள் எழுதியிருந்தது வேறு. "நான் பார்த்த பசு சாது இல்லை. அது எங்கள் அம்மாவை முட்டியது. பாலை எங்களுக்குத் தரவில்லை, தோப்புக்காரர் வீட்டில் தருகிறது."

பெரிய வாத்தியார் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு எப்படிம்மா மார்க்கு போடுவே?" என்றார்.

"முழுசாப் போடுவேன் சார். பார்த்ததை எழுதியிருக்கா."

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவளை விட மனமில்லை. பாகூர் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, அவள் அம்மாவிடம் பேசினேன். அந்த அம்மா தோப்பில் சவுக்குச் சருகு வாரி, அடுப்பெரிக்க விற்றுப் பிழைப்பவள். புருஷன் கிடைத்த வேலைக்குப் போவான். "படிக்கட்டும் டீச்சர். சருகு வார நான் ஒருத்தி போதும்," என்றாள். எனக்கு அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. தோப்பில் சருகு கணுக்கால் வரை கிடந்தது. தீமிதி நாளும் ஐந்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சையும் ஒரே நாளில் வந்தன. சின்னவளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவள் வரவில்லை. வேப்பிலைப் படுக்கையில் போட்டிருப்பதாக அக்காக்காரி சொன்னாள். அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மீன் கறி சேர்க்க மாட்டார்கள், வேற்று ஆள் வரக்கூடாது, பிள்ளையை வெளியே தூக்கக்கூடாது. காலனியில் பாதிப் பேர் தீமிதிக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் வேலைக்கு. பிள்ளை கொஞ்சம் தூங்கிய நேரத்தில் அவள் அம்மா சருகு வாரப் போயிருக்கிறாள். அன்றாடம் வாரினால்தான் அன்றாடம் கஞ்சி.

பெரியவள் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டு வந்து நின்றாள். "டீச்சர், பாப்பாவைப் பாத்துக்க அம்மா வரச் சொல்லிச்சி." போகச் சொன்னேன். நேரே வீட்டுக்குப் போகாமல் முதலில் அம்மாவைக் கூப்பிடத் தோப்புக்குப் போயிருக்கிறாள். தோப்புக்கு அந்தப் பக்கம் பம்பை அடித்துக்கொண்டிருந்தது. குழந்தைதானே, வேலியோரம் நின்று குண்டத்தை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

காலையெல்லாம் மேல்காற்று. நடுப்பகலில் குண்டம் மூட்டியபோதும் அது புகையைக் கடல் பக்கம் தள்ளிவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. பகல் சாயத் தொடங்கும்போது கடல்காற்று எழுந்து எங்கள் பக்கமாகத் திரும்பியது. வகுப்பில் காகிதங்கள் படபடத்தன. கொஞ்ச நேரத்தில் கிழக்கே தடித்த புகை எழுந்தது.

"தீ மூட்டிட்டாங்க டீச்சர்," என்றான் ஒரு பையன். எல்லாப் பிள்ளைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெரிய வாத்தியார் அடுத்த அறையிலிருந்து வாசலுக்கு வந்து, புகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த வருஷம் கட்டை அதிகம் போல," என்றார். நான் எழுதச் சொல்லி மேசையைத் தட்டினேன்.

பிறகு படார் படார் என்று வெடிச்சத்தம். அதையும் கோயில் வேட்டு என்றுதான் நினைத்தோம். தீமிதியில் வேட்டுப் போடுவது வழக்கம்தானே. அது கூரை மூங்கில் வெடிக்கிற சத்தம் என்று யாருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு மட்டும் இல்லை, வயலில் நின்ற காலனி ஆட்களே கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அத்தனை புகையைப் பார்த்து ஊரே ஓடி வந்திருக்கும். அன்றைக்கு அது சாமி புகை.

ஜன்னல் வழியாகக் கரித்தூள் வந்து விடைத்தாள்களின் மேல் விழுந்தது. ஒரு பிள்ளை அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது கட்டைச் சாம்பல் இல்ல. கீத்து," என்றது. அடுத்த நொடி காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். நானும் ஓடினேன்.

போய்ப் பார்த்தபோது காலனியின் கிழக்கு வரிசை இல்லை. தோப்பு அடியோடு சீறிக்கொண்டிருந்தது. சவுக்குச் சருகில் தீ நடக்காது, ஓடும். பெண்கள் குடத்தோடு அலைந்தார்கள். காலனிக் கிணற்றில் கோடைத் தண்ணீர் வாளி முழுகக்கூட இல்லை. கோயில் பக்கத்துக் கிணற்றில் நிறையத் தண்ணீர் உண்டு, ஆனால் அன்றைக்கு அதில் அவர்கள் கை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். நெருப்பு எரிகிறபோது நின்று கேட்டார்கள். கேட்கப் பழக்கியிருந்தார்கள். ஊரிலிருந்து சிலர் ஓடி வந்து தழை வெட்டிப் போட்டு அடித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக்கூடாது என்று திடலிலேயே நின்றுவிட்டார்கள். டவுனிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி மணலில் சிக்கிக்கொண்டது. அதைத் தள்ளுவதற்கு வந்த கூட்டம் முதலிலேயே வந்திருக்கலாம்.

அம்மாக்காரி தோப்பின் கடலோரக் கோடியில் இருந்திருக்கிறாள். மகள் ஓடிப்போய்ச் சொன்னதும் இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். நடுவில் தீ. சுற்றிக்கொண்டு வருவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. சின்னவள் வேப்பிலைப் படுக்கையிலேயே இருந்தாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

சாயங்காலம் தீமிதி நடந்தது. ஆமாம், நடந்தது. ஊரில் சாவு விழுந்தால் தீட்டு, தீமிதி நிற்க வேண்டும். ஆனால் காலனி ஊருக்கு வெளியே இருக்கிறதாம், அதனால் ஊரில் சாவு இல்லையாம். பெரிய வாத்தியார் இதை எனக்குக் கணக்குப் பாடம் போல விளக்கினார். கருகிய வாசனைக்கு நடுவில் கோவிந்தா கோவிந்தா என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காலனிக் குடும்பங்கள் எங்கள் இரண்டு அறையிலும் உட்கார்ந்திருந்தன. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. விடைத்தாள்களைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். பெரியவள் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே சின்னவள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். அந்த ஆபீசை அங்கே வயதானவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் மேரி என்பார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று அவர் எழுதிக்கொண்டு போக வேண்டும். என் வகுப்பறையில்தான் விசாரணை. என் நாற்காலியில் அவர், பெரிய வாத்தியார் நாற்காலியில் தோப்புக்காரர். காலனிக்காரர்கள் தரையில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில்.

தீ எப்படி வந்தது என்று அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் ஊகித்திருப்பார்கள். திடலில் குண்டம் எரிகிறது, காற்று திரும்புகிறது, வேலிக்கு இந்தப் பக்கம் காய்ந்த சருகு. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஆனால் அம்மன் குண்டத்து நெருப்பு தோப்பைக் கொளுத்தியது, ஒரு குழந்தையைக் கொன்றது என்று யார் வாயால் சொல்வது? சாமி நெருப்பு சுடாது என்பதை வைத்துத்தானே தீமிதியே நடக்கிறது. அப்படியானால் வேறு நெருப்பு ஒன்று வேண்டும்.

தோப்புக்காரர் அதைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர்.

"வூட்டுல அம்மா எறங்கியிருக்கு. அங்க தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. இவளுக்கு வாயக் கட்ட முடியல. தோப்புல போயி அடுப்பு மூட்டி மீன் வறுத்திருக்கா. அம்மா சும்மா இருப்பாளா?"

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. எல்லாம் பொருந்திவிட்டது அவர்களுக்கு. தீயும் வந்துவிட்டது, குழந்தை செத்ததற்குக் காரணமும் வந்துவிட்டது. மகளைப் பறிகொடுத்தவளும் அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் அது விழுந்ததா என்றே எனக்குத் தெரியாது.

பெரியவள் எழுந்தாள். வகுப்பில் பதில் சொல்ல எழுவாளே, அப்படியே கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா அடுப்பு மூட்டல. குண்டத்துல இருந்து ஒரு பட்டை எரிஞ்சிக்கினே பறந்துச்சி. வேலி தாண்டி சருகுல உழுந்துச்சி. நான் பாத்தேன். பம்பக்காரர் கிட்ட சொன்னேன். தள்ளிப் போடின்னாரு."

தோப்புக்காரர் அவளைத் திட்டவில்லை. வேட்டியை விலக்கி, ஒரு காலைத் தூக்கி இன்னொரு தொடையின் மேல் போட்டு, பாதத்தைக் காட்டினார்.

"பாரு பாப்பா. நேத்து அந்த நெருப்புல நடந்த காலு. ஒரு கொப்புளம் இருக்குதா? என்னையே சுடாத நெருப்பு, வேலி தாண்டிப் போயி உங்க வூட்டச் சுடுமா?"

மேரிக்காரரும் குனிந்து பாதத்தைப் பார்த்தார். கொப்புளம் இல்லைதான். ஒரு காலை மட்டும்தான் காட்டினார் என்பதை நான் பார்த்தேன். எழுந்து போகும்போது அந்த இன்னொரு காலைத் தாங்கித் தாங்கி வைத்ததையும் பார்த்தேன்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "இந்தப் பொண்ணு பார்க்காததைச் சொல்லாது சார். ஒரு வருஷமா எனக்குத் தெரியும். குண்டம் அங்கே, காத்து இந்தப் பக்கம், நீங்களே வெளியில வந்து பாருங்க."

"டீச்சரம்மா," என்றார் தோப்புக்காரர், மரியாதையாகவே. "நீங்க மாதாகோயிலுக்குப் போறவங்க. இது எங்க சாமி சமாச்சாரம்."

பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முந்தின நாள் பரீட்சைக்காக நான் எழுதிய தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

காலனிக்காரர்களாவது அவள் பக்கம் நிற்பார்கள் என்று நம்பினேன். காலனியின் தலைவர் மாதிரி இருந்தவர், நரைத்த மனிதர், என்னைப் பூவரச மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு சொல்றது நெசம்தான். எங்களுக்குத் தெரியாதா இன்னா? ஆனா மண்ணு அவருது. மூங்கிலும் கீத்தும் தரேன்னு சொல்லியிருக்காரு. மழைக்கு முன்னாடி கூரை போடணும். இல்லன்னா இத்தினி பிள்ளைங்களையும் எங்க கொண்டுபோயி வைக்கறது?"

என்னிடம் மண் இருந்ததா, மூங்கில் இருந்ததா? என்னிடம் இருந்தது ஒரு சாக்குக்கட்டி. பள்ளிக்கூடத்தையும் நாலைந்து நாளில் காலி செய்யச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டது. விடுமுறையில் பூட்டி வைக்கப்போகிற கட்டடத்தை எதற்குக் காலி செய்ய வேண்டும் என்று நான் கேட்டதற்கு, கழுவி விட வேண்டும் என்றார்கள்.

மேரிக்காரர் மீன் வறுத்த கதையையே எழுதிக்கொண்டு போனார். காலனிக்குக் கூரை வந்தது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் வரவில்லை. அம்மன் கோபத்துக்கு ஆளானவள் அங்கே இருந்தால் மறுபடியும் எரியும் என்று ஊரில் பேச்சு. காலனிப் பெண்களே அவளோடு தண்ணீர் எடுக்கப் போகப் பயந்தார்கள். கிழக்கு வரிசையில் புதுக் கூரைகள் ஏறுவதற்குள் அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டது. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வேலை என்று கேள்விப்பட்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வேலையாக அவளுடைய விடைத்தாளைத் திருத்தினேன். கரி படிந்த தாள். நல்ல மார்க்கு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். பெரிய வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வில்லியனூர் பஸ்ஸில் ஏறினேன். மூலக்குளத்திலிருந்து அது பக்கம்தான். பாகூர் போனாலென்ன, வில்லியனூரிலும் பெண்கள் பள்ளி இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம், புத்தகம் நான் வாங்கித் தரலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற ஒரு பெண்ணையாவது அந்தத் தீயிலிருந்து வெளியே இழுத்துவிடலாம் என்று நம்பினேன்.

சூளை மூட்டத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்துகொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கல்லை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"இன்னா டீச்சர், இவ்ளோ தூரம்?"

சொன்னேன். சான்றிதழைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை, கையெல்லாம் செம்மண்.

"அம்மாவைத் தனியா உட முடியாது டீச்சர். நெருப்பப் பாத்தா அழுவுது."

"அம்மா கிட்ட நான் பேசறேன். நீ படிக்கணும்டி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி எழுந்து, பட்டை பறந்ததைப் பார்த்தேன்னு சொன்னியே. உன்னை மாதிரிப் பொண்ணு படிக்காம வேற யார் படிக்கறது?"

அவள் சூளையைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி அவள் அம்மா குந்தி உட்கார்ந்து மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நிமிராமலே சொன்னாள்.

"நான்தான் டீச்சர். நான்தான் மீன் வறுத்தேன். எம்பொண்ண நான்தான் கொளுத்திட்டேன்."

அம்மை இறங்கிய வீட்டில் மீன் ஏது? அந்த வாரம் முழுவதும் அவள் உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டு விரதமாக இருந்ததைப் பெரியவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் பெரியவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மறுப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பட்டை எதுவும் பறக்கல டீச்சர். நான் ஒண்ணும் பாக்கல. சாமி நெருப்பு யாரையும் சுடாது."

பசு ஒரு சாதுவான பிராணி என்று மற்றப் பிள்ளைகள் ஒப்பிப்பார்களே, அதே குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து கல்லை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.